ஒண்ணேகால் முழம்

நீர் என்று உம்மை நேரில் கூப்பிட்டதில்லை.
எழுதும்போது வருகிறது.

மார்பளவுத் தண்ணீரில் நின்று
வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோ இன்னும் இருக்கிறது.
மலாவி ஏரி. தோளில் போர்வெல் சேறு பாதி கழுவினபடி.
"நம்ம கன்னடியன் கால்வாய்தான், அக்கரை மட்டும் கிடையாது."
அன்றைக்கோ அடுத்த நாளோ நுழைந்திருக்கும்.
காலில் அரிப்பு என்றீர்.
வேப்பெண்ணெய் போடச் சொன்னேன்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபக்கனி
ஸ்கேன் உறையின் முதுகில் படம் போட்டார்:
இரண்டு சிறுநீரகம், இரண்டு குழாய், ஒரு பை.
எனக்கு விளக்க வேண்டியதில்லை.
சேரன்மகாதேவி மேல்நிலைத் தொட்டியின் வால்வு
பதினோரு வருசமாக என் கையில்.
எங்கே அடைத்தால் எங்கே வீங்கும், தெரியும்.

தெரியாத ஒன்றும் சொன்னார்.
அந்தப் புழுக்கள் ஜோடியாகத்தான் குடியிருக்குமாம்.
ஆண் தன் உடம்பையே மடித்து வாய்க்காலாக்கி
பெண்ணை அதற்குள் வைத்துக்கொள்ளுமாம்.
வருசக்கணக்காக, பிரியாமல்.
"எவ்வளவு நாள் அங்க இருந்தாரு?"
"ஒம்பது வருசம். ரெண்டு தடவை வந்துட்டுப் போனாவ."
சிரிக்கிற இடமில்லை. சிரித்துவிட்டேன்.

மாத்திரைக்குப் புழு செத்தது.
இட்ட முட்டைகள் சுண்ணாம்பாய்ப் படிந்து
குழாயைக் காரை பூசி அடைத்தது அடைத்ததுதான்.
இரண்டு மாசம் முதுகில் ஓட்டை, இடுப்பில் பை.
பேட்டை பஸ்ஸில் ஒருத்தன்
"என்ன அண்ணாச்சி, பதநீரா?" என்றான்.
"காய்ச்சினா கருப்பட்டி ஆகாதுடே" என்றீர்.

ஏழு மணி நேரம்.
குடலில் ஒண்ணேகால் முழம் வெட்டி
ரத்த ஓட்டம் அறாமல் இழுத்து வந்து
சிறுநீரகத்துக்கும் பைக்கும் நடுவே தைத்தார்கள்.
முழம் என்றதும்
எனக்குப் பூக்காரி கைதான் ஞாபகம் வந்தது.
பிச்சிப்பூ வாங்கி எத்தனை வருசம்.

நாலாம் மாசம் பாட்டிலில்
வெள்ளை வெள்ளையாய் மிதந்தது. பதறி ஓடினோம்.
"சளிதாம்மா. குடல்லா அது.
சோறு வரும்னு இன்னும் காத்துக்கிட்டு இருக்கு.
குறையும். நிக்காது."
வேலை மாற்றி வைத்தும்
பழைய பழக்கத்தை விடாமல் உமக்குள் ஒன்று.
அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

விடிய நாலரைக்கு வால்வு திறக்கக் கிளம்பும்போது
கொல்லையில் சத்தம் கேட்கிறது.
முதலில் விட்டு விட்டு.
பிறகு ஒரே சீராக.
செருப்பை மாட்டாமல் நிற்கிறேன்.
தெருவுக்குத் தண்ணீர் ஐந்து நிமிசம் பிந்தும்.
பிந்தட்டும்,
குடியா முழுகிவிடும்.