சாதாரணத் தேய்மானம்

அக்டோபரில் என் கணக்கில்
நாற்பத்திரண்டு ஸ்டூல்கள்.
புதுப் பையன்கள் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை,
பதினொன்று கால் முறிந்து
கிடங்குக்குத் திரும்பின.

பிர்ச் மரம் லேசில் முறியாது.
நான் எண்பத்திரண்டு கிலோ.
கதவைச் சாத்திக்கொண்டு ஏறி நின்று
குதித்தும் பார்த்துவிட்டேன்.

பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்,
விரலகலம்.
எனக்கு முன்பிருந்தவர் எழுதியதைத்தான்
ஒன்பது குளிர்காலமாக நானும் எழுதினேன்:
சாதாரணத் தேய்மானம்.

இந்த வருடம் ஒரு பையனுக்கு
இடது காது போயிற்று.
உலான்பாத்தரிலிருந்து குழு வந்தது.
உணவுக்கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டோம்.
உப்புத் தேநீர் ஆறி ஆடை கட்டியது.

ஓய்வுபெற்ற கர்னல் தோர்லிக் சொன்னார்:
அடிக்காத குதிரை படியாது.
எங்களையும்தான் அடித்தார்கள்,
நாங்கள் மனிதர்களாகவில்லையா?
சொல்லும்போது அவர்
சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.
சாப்பிடும்போதும் அப்படித்தான்,
யாரும் பின்னால் வர முடியாத மூலையில்.
அதைக் கவனித்தது நான் மட்டும் என்று நினைக்கிறேன்.
கிடங்குக்காரிக்கு
எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று
பார்க்கிற வியாதி.

வக்கீல் உயங்கா சட்டத்தை வாசித்தாள்.
இன்னொருவர், எல்லை என்பது
மெத்தை விரித்த இடமில்லை என்றார்.
ஒழுங்கு வேறு வன்மம் வேறு என்று ஒரு குரல்,
இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று ஒரு குரல்.
மதியம்வரை அந்தக் கோட்டைத் தேடினார்கள்.

பிறகு பையனின் வாக்குமூலம்.
கான்பிலெக், பத்தொன்பது வயது,
மேய்ச்சல்காரர் வீட்டுப் பிள்ளை.
பென்சிலில் நாலே வரி:
'குதிரையைத் தலையில் அடிக்கக் கூடாது.
எங்கள் வீட்டில் அது பாவம்.
அடிபட்ட குதிரை அப்புறம்
எந்தக் கை நீண்டாலும் மிரளும்.'

கர்னலின் கை
தேநீர்க் கிண்ணத்தை நோக்கி நீண்டு
பாதியில் நின்றது.
அவ்வளவுதான். மனம் மாறினார் என்று
நான் சொல்ல வரவில்லை.
மாலையில் அவர் எதிர்த்துத்தான் கையெழுத்திட்டார்.

என்னிடம் ஒரே கேள்வி:
தேய்மானம் என்று எதைச் சொன்னீர்கள்?
ஸ்டூலை, என்றேன்.
ஒன்பது வருடமாகப் பொய்யில்லாமல்
பொய் சொல்லத் தெரிந்தவள் நான்.

குழு ஓர் ஆணை போட்டுவிட்டுப் போனது:
ஸ்டூல்களையெல்லாம்
தரையோடு போல்ட் போட்டு முடுக்கவும்.
முடுக்கினோம்.
நூற்று அறுபத்தெட்டு போல்ட், வரவு வைத்தேன்.

பிப்ரவரியில்
பெல்ட்டுகள் வரத் தொடங்கின.
பித்தளைக் கொக்கி வளைந்து,
நட்சத்திரத்தின் ஒரு முனை மழுங்கி.
பதினான்கு.

வெளியே மைனஸ் முப்பத்தாறு.
பேனாவில் மை உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடேற்றி
அந்த விரலகலக் கட்டத்தில்
நுணுக்கி நுணுக்கி எழுதினேன்:
கான்பிலெக், இடது காது.

மார்ச்சில் தணிக்கையாளர் வந்தார்.
சிவப்பில் வட்டமிட்டு
ஓரத்தில் குறித்துவிட்டுப் போனார்:
'இப்பொருள் இருப்புப் பட்டியலில் இல்லை.'