நாலு விரல் குறைவு

தேர்தல் தேதி சொன்ன மறுநாள்
மூன்றையும் சாக்கில் சுற்றி
ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புளியரை ஸ்டேஷனுக்குப் போனேன்.
ஒன்றின் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால்
எதிரே வந்த வாழைக்குலை லாரிகூட ஒதுங்கியது.

எப்போதும் நடப்பதுதான்.
ஓட்டு எண்ணி முடியும்வரை இரும்பு சர்க்காரிடம்.
காலியான ஆணிகளில்
சுல்பத் குடையையும் மழைக்கோட்டையும் மாட்டிவிடுவாள்.

நான் சுட்டதேயில்லை.
ஒரு காக்கையைக்கூட.
சொன்னால் மரமில்லில் எவனும் நம்புவதில்லை.
வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு,
பழைய வேட்டியை விரித்து
ஒவ்வொன்றாய்க் கழற்றுவேன், துடைப்பேன், பூட்டுவேன்,
அவ்வளவுதான் என் வேட்டை.
இரட்டைக் குழலை மடக்கினால்
நல்ல அலமாரிக் கதவு சாத்துகிற சத்தம்.
கெட்டித் துப்பாக்கிதான் செல்லம்:
இரும்பு எந்தச் சீமையோ,
கட்டை குளத்துப்புழைப் பக்கத்து ஈட்டி.
ரம்பத்தோடு முப்பது வருஷம் இருக்கிறேன்,
மரம் எனக்குப் பொய் சொல்லாது.
குதிரையைப் பின்னுக்கு இழுத்தால்
முதலில் ஒரு கிளிக். அப்புறம் ஒரு கிளிக்.
இரண்டுக்கும் நடுவில்
எனக்கு ஐம்பத்தெட்டு வயது இல்லை.

முந்தின ரைட்டர்கள்
‘மேற்படி, மேற்படி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.
புதிதாக வந்த பேச்சித்தாய்
குழல் நீளம் என்ற கட்டத்தை நிரப்பியே தீருவேன் என்றாள்.
டேப் வளைந்தது.
கெஜக்கோலை உருவி உள்ளே விட்டாள்,
வாய் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டாள்,
எடுத்து வெளியே வைத்துப் பார்த்தாள்.
“நாலு விரல் குறையுது பாய்.”

துருவாக இருக்கும் என்றேன்.
குளவி கூடு கட்டியிருக்கும் என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
குழலை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.
டீ கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்றான்.

பதினொரு வருஷம்.
புனலூர் எஸ்டேட் ஏலத்தில்
தங்கச்சன் என் கையில் கொடுத்த நாளிலிருந்து
ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை அந்த வாயில் வைத்து
இருட்டைப் பார்த்து ஆழம் என்று நினைத்திருக்கிறேன்.
மச்சினன் மகன் அதைப் புல்லாங்குழல்போல ஊதியிருக்கிறான்.

தென்காசியிலிருந்து ஆயுத மெக்கானிக் வந்தார்.
திருகு கம்பியில் முதலில் ஒரு காகித உருண்டை.
அப்புறம் தண்ணீர் விட்டு ஊறவைத்து
அரைமணி நேரம் மல்லுக்கட்டி
சுண்டைக்காய் அளவு ஈயம்,
தென்னநார்ப் பஞ்சு,
கடைசியில் காப்பிப்பொடி மாதிரி கட்டிப்போன மருந்து.
எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் பரப்பி
ஸ்டேஷனே சுற்றி நின்றது.

காகிதத்தைப் பேச்சித்தாய்தான் பிரித்தாள்.
புகையிலை, கட்டு.
௭. ௯. ௪.
ஆக ௰௯.

வாய்விட்டுக் கூட்டினேன். இருபது வந்தது.
விரல்விட்டுக் கூட்டினேன்.
கணக்கு தெரியாதவன் எழுதியதா,
தெரிந்தவன் எழுதியதா?
ஒரு கட்டு எங்கேயோ போயிருக்கிறது.
யாரோ அந்தக் கணக்கைக் கிழித்து
ஈயத்தின் மேல் வைத்து இடித்துவிட்டுக்
கணவாயில் காத்திருந்திருக்கிறான்.
வரவேண்டியவன் வரவில்லையோ,
வந்து, பேசிவிட்டுப் போனானோ.
ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஓட்டு எண்ணி முடிந்தது, ஆணியிலிருந்து குடை இறங்கியது.
குறைந்தது ஒரு அவுன்ஸ் இருக்கலாம்,
தோளுக்கு அது வேறு துப்பாக்கி.
கெஜக்கோல் இப்போது கடைசிவரை போகிறது,
அடியில் ணங் என்கிறது.

வெள்ளிக்கிழமை வேட்டியை விரித்தேன்.
வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.
முதல் கிளிக்வரை இழுத்தேன்.
பேத்தி, குடிக்கத் தண்ணி வேணுமா என்று கேட்டாள்.
வேணும் என்றேன்.