நாற்பத்தேழு நிமிடம்

கிறைஸ்ட்சர்ச்சில் ஜூலை.
ஓடுபாதையோரப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது.
இருக்கைகளைப் பிடுங்கி எறிந்த பழைய பயணிகள் விமானம்,
அதன் பின்வயிற்றில் ஒரு தொலைநோக்கி.
அதற்குத் திரவ ஹீலியம் ஊற்றுவது என் வேலை.
கண்ணுக்குக் குளிர் பழக்குவது என்று
ரோஸ்விதா அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

பதின்மூன்று கிலோமீட்டர் உயரத்தில்
விமானத்தின் விலாவில் கதவு திறக்கும்.
மேகம், மூச்சு, மாட்டுப் பண்ணைகளின் ஆவி,
அகச்சிவப்பை விழுங்கிவிடும் அத்தனை ஈரமும் கீழே.

ஓர் இரவுக்குப் பத்துக் கட்டங்கள்.
விமானம் திரும்பினால்தான் தொலைநோக்கி திரும்பும்;
ஒரு விண்மீனைப் பார்க்க முந்நூறு டன்னைத் திருப்பவேண்டும்.
ஆறாவது கட்டம் ரோஸ்விதாவுடையது.
தெற்கே, நிலமே இல்லாத பக்கமாக,
நாற்பத்தேழு நிமிடம்.
இரண்டு வருடம் விண்ணப்பம் எழுதி வாங்கியது.

துடிவிண்மீனைப் பார்க்க அவள் வரவில்லை.
துடிப்பை ரேடியோக்காரர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.
வெடித்துச் செத்து, ஒரு நகரத்தின் அகலத்துக்குச் சுருங்கி,
நொடிக்கு மூன்று முறை சுழலும் அது
எனக்கென்னவோ
பிணம் எழுந்து உட்கார்ந்து மணி பார்ப்பது மாதிரி.
அவளுக்கு வேண்டியது அதைச் சுற்றியுள்ள தூசி.
வெடித்த அன்று ஓடிப்போகாமல்
பாதி வழியில் திரும்பி வந்த தூசி,
அப்படி ஒன்று இருந்தால்.

நீறு பூத்த நெருப்பு அல்ல இது.
நெருப்பு எப்போதோ போய்விட்டது; நீறுதான் கனிகிறது,
பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு டிகிரியில்.
அதையும் சூடு என்றே எழுதுகிறார்கள்.

சூடு உள்ளதெல்லாம் ஒளிர்கிறது, அதுதான் தொல்லை.
கண்ணாடி ஒளிர்கிறது, அதைத் தாங்கும் கம்பி ஒளிர்கிறது,
மிச்சமிருக்கும் அந்த மெல்லிய வானம்
நள்ளிரவில் பட்டப்பகலாய் ஒளிர்கிறது.
அதனால் சிறிய கண்ணாடி ஒன்று
நொடிக்குச் சில முறை தலையாட்டிக்கொண்டே இருக்கும்:
இங்கே, பக்கத்தில், இங்கே, பக்கத்தில்.
வானத்திலிருந்து வானத்தைக் கழி.
மீதி ஏதாவது நின்றால் சொல்.

ஐந்தாவது கட்டத்தில் சுருக்கென்று ஞாபகம் வந்தது:
லிட்டெல்டன் வீட்டில் ஹீட்டரை அணைத்தேனா?
ஆளில்லாத அறை, வெதுவெதுப்பான சுவர்.
மேலிருந்து பார்ப்பவர்கள்
உள்ளே யாரோ இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஆறாவது.
கேபினில் எல்லோரும் கம்பளித் தொப்பியோடு
திரையில் புள்ளிகள் குவிவதைப் பார்த்திருந்தோம்.
பதினெட்டாம் நிமிடம் ராவிரியின் குரல் காதில் வந்தது,
சாண்ட்விச்சை மென்றபடியே:
"முன்னால் பலத்த குலுக்கல். கதவை மூடவேண்டியிருக்கும்."
யாரும் வாதாடவில்லை.
இருபத்துமூன்றாம் நிமிடம் மூடியாயிற்று.
ரோஸ்விதா நேரத்தைக் குறித்தாள்.
பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
ஜன்னலுக்கு வெளியே தென்துருவ ஒளி
பச்சையாய், கேட்பாரற்று, அசைந்துகொண்டிருந்தது.

விடிந்து வீட்டுக்குப் போனால்
ஹீட்டர் அணைந்துதான் இருந்தது.
இரவெல்லாம் எரிந்தது நான்தான்.

நவம்பரில் அவளிடமிருந்து கடிதம்.
'இதற்குமேல் தூசி இருக்கமுடியாது என்று
ஓர் எல்லை போட்டு எழுதிவிட்டேன்.
ஒரே ஒரு பிக்ஸல் மட்டும் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை.
வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.
மீதி இருபத்துநாலு நிமிடம் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.'

அந்த விமானம் இப்போது பறப்பதில்லை.
வேறொரு நாட்டுப் பாலைவனத்தில் நிற்கிறது,
விலாக்கதவு மூடியபடி.
மதியத்தில் தொட்டால் கை வெந்துவிடுமாம்.

இருபத்துநாலு நிமிடம்.
பேருந்துக்குக் காத்திருக்கையில் சில நாள்
கடிகாரத்தைப் பார்த்து
அதை முழுசாக எண்ணி முடிக்கப் பார்க்கிறேன்.
பேருந்து முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.