மூன்றும் ஆறும்

பானெட்டின் உட்புறத்தில் சாக்கட்டியால்
ஆறு எண்களை எழுதினான் ஓரெஸ்ட்.
நூற்று நாற்பத்தைந்து. நூற்று ஐம்பது.
மூன்றாவது சிலிண்டருக்கு எழுபது.
நான்கும் ஐந்தும் பரவாயில்லை.
ஆறாவதை எழுதுமுன் என்னைப் பார்த்தான்.
ஐம்பத்தைந்து.

கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தான்.
எண் ஏறியது.
ஏறினால் நல்லதுதானே என்றேன்.
இல்லை ஒடெட்,
ஏறினால் பிஸ்டன் வளையம் போச்சு என்று அர்த்தம்.

மே பதினேழு.
பீஸ் ஆற்றுப் பக்கமெல்லாம்
டான்டெலியன் மஞ்சள்.
ஜூன் இருபதுக்குள் நூற்றுப் பன்னிரண்டு தேன்பெட்டிகள்
அக்கரைக் கனோலா வயல்களில் இறங்கியாக வேண்டும்,
இரவுகளில், தேனீக்கள் வீடடைந்த பிறகு.

வண்டிக்கு வயது இருபத்தொன்பது.
விற்றால் ஆயிரத்து எண்ணூறு டாலர்,
அதுவும் வாங்குகிறவன்
புகையின் நிறத்தைப் பார்க்காதிருந்தால்.
புதுப்பித்த எஞ்சின் ஆறாயிரம், கூலி தனி.
சுண்டைக்காய் கால் பணம்,
மீதி உங்களுக்கே தெரியும்.

ரெஜான் சமையலறை மேசையில் காகிதம் பரப்பினான்.
புது வண்டி. எண்பத்து நான்கு தவணை.
கடைசித் தவணையில் எனக்கு அறுபத்தாறு வயது.
அதை அவன் கூட்டவில்லை,
நான் கூட்டினேன்.

போன வாரம்தான் பதினெட்டாம் பெட்டியில்
முட்டை குறைந்துபோன ராணியை
இரண்டு விரலால் நசுக்கிவிட்டுத்
தபாலில் வந்த புதியவளை உள்ளே விட்டேன்.
பெட்டி என்ன விலை பெறும் என்று
ஒரு கணமும் யோசிக்கவில்லை.
இதை ரெஜானிடம் சொன்னேன்.
ராணிக்கு நாற்பது டாலர் என்றான்.
சரிதான்.

ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது.
சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்தேன்.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
பொத்துப் போகட்டும் என்றுதான் தட்டினேன்.
இருபத்தொன்பது குளிர்காலத்துச் சாலை உப்பு
சேஸிஸைத் தின்று தீர்த்திருந்தால்
முடிவு துருவினுடையது.
நான் கையைத் துடைத்துக்கொண்டு
தூங்கப் போகலாம்.

பின்சக்கரத்துக்கு மேலே ஒரு தட்டு.
செதில் உதிர்ந்து கண்ணில் விழுந்தது.
அடியில் இரும்பு.
கணீர்.
இன்னும் ஓங்கி அடித்தேன்.
கணீர்.
பாழாய்ப்போன இரும்பு,
பழி ஏற்க மறுத்துவிட்டது.

கிராண்ட் ப்ரேரியில் ஓர் உடைசல் யார்டு.
பின்னாலிருந்து மோதப்பட்ட வண்டி,
எஞ்சினில் கீறல் இல்லை,
இரண்டாயிரத்து நானூறு,
தொண்ணூறு நாள் உத்தரவாதம்.
ஓட்டியவருக்கு என்ன ஆயிற்று என்றேன் போனில்.
தெரியாது மேடம், நாங்கள்
வண்டியை மட்டும்தான் எடுக்கிறோம்.

தொண்ணூறு நாள் என்றால் ஆகஸ்ட் பதினைந்து.
கனோலா பூத்து ஓய்ந்திருக்கும்.
பதினாறாம் தேதி உடைந்தால்
உடையட்டும்,
பீப்பாயில் தேன் இருக்கும்.
இது கணக்கா பிடிவாதமா என்று
ரெஜான் கேட்கவில்லை.
காகிதங்களை மடித்து
பிரிட்ஜ் மேல் வைத்தான். எறியவில்லை.

வியாழக்கிழமை
பழைய எஞ்சின் சங்கிலியில் தொங்கியது,
எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக,
சொட்டிக்கொண்டே.
கழற்றிய பானெட் சுவரில் சாய்ந்திருந்தது.
அழித்துவிடவா என்றான் ஓரெஸ்ட்,
கையில் துணியோடு.
வேண்டாம்.
வந்ததை அளந்து
பக்கத்திலேயே எழுது.