நாற்பது நிமிடச் சலவை

எங்கள் கடையில் ஒரு சலவைக்கு
நாற்பது நிமிடம்.
கூட்டத்துக்கு அழைத்தால் வராதவர்கள்
துணி சுழலும்வரை எங்கும் போகமாட்டார்கள்
என்று கண்டுபிடித்தவள் ஓர்னெட்டா.
டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ்.
பதினோரு வருடமாய் அதே எட்டு நாற்காலிகள்,
முகங்கள்தான் மாறுகின்றன என்பாள்.
மாறுகின்றன என்றால் என்னவென்று
யாரும் அவளைக் கேட்டதில்லை.

டோலிடோ நகரம், ஆற்றுக்குக் கிழக்கே நாங்கள்.
சூப்பர் மார்க்கெட் மூடி ஆறு குளிர்காலம் ஆகிறது.
கார்கள் நின்ற இடத்தில்
கடலே இல்லாத ஊரின் கடற்காகங்கள்.
முட்டைக்கோஸ் வேண்டுமென்றால் இரண்டு பஸ்.
சோடா வேண்டுமென்றால் தலையைத் திருப்பினால் போதும்.
இந்தத் தெருவிலும் அந்த நோய்க்குச்
சர்க்கரை என்றுதான் பெயர்.
'அவருக்குச் சர்க்கரை' என்பார்கள்,
யாரோ பரிசு கொடுத்ததுபோல.

கூட்டணி என்று அட்டையில் எழுதி
சோப்புத்தூள் இயந்திரத்தில் ஒட்டினோம்.
பங்கிட்டுக்கொள்ள ஒரு தொகுதியும் இல்லாத கூட்டணி.
பள்ளிக்கூடத்தில் சமைக்கும் எலோடியா,
நகரத்தின் வழித்தடங்களையெல்லாம்
முழங்கால் வலியாய் வைத்திருக்கும்
பழைய பஸ் ஓட்டுநர் வார்கோ,
ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பாதிரியார்கள்,
சில்லறை மாற்றித் தரும் நான்.
நோட்டில் எழுதுவதும் நான்தான்,
என் கையெழுத்து எனக்காவது புரியும் என்பதால்.

எதிரி யார் என்பதில் மட்டும்
முதல் நாளே ஒற்றுமை:
மூலைக்கடை சகூர்.
பள்ளிக்கு முந்நூறு அடிக்குள்
சோடா விற்கத் தடை கேட்டு
மூன்று பக்கம் எழுதியாயிற்று.

நான்காம் வாரம் சகூரே வந்தார்,
ஒரு மூட்டை மேலங்கிகளோடு.
இயந்திரத்தில் போட்டார், காசு போட்டார்,
எங்கள் பக்கம் திரும்பி
மின்சார பில்லை உலர்த்தியின் மேல் விரித்தார்.
"கீரை வைத்தேன். மூன்றாம் நாள் குப்பைக்குப் போனது.
சோடா கம்பெனி குளிர்பெட்டியைச் சும்மா தருகிறது,
அதில் வேறெதுவும் வைக்கக் கூடாது என்ற
ஒரே ஒரு நிபந்தனையோடு.
கீரைக்கு யார் தருவார்கள், நீங்களா?"

சலவை முடிந்த மணி அடித்தது.
யாரும் எழுந்து போகவில்லை.
தடை என்ற சொல்லை அடித்துவிட்டுக்
குளிர்பெட்டி என்று எழுதினேன்.
பேனா அழுந்திப் பின்பக்கமும் கிழிந்தது.

நகரசபையில் எங்களுக்கு மூன்று நிமிடம்.
எலோடியா ஒரு மாதம் மனப்பாடம் செய்தாள்;
குழந்தைகள் எதைத் தட்டிலேயே விட்டுப்போகிறார்கள்
என்று சொல்லத் தொடங்கும்போது
ஒலிபெருக்கியை அணைத்தார்கள்.
ஐந்துக்கு ஏழு. தோற்றோம்.
படியில் இறங்கும்போது
மானியமில்லாத குளிர்பெட்டி என்ன விலை என்று
ஒரு பாதிரியார் காற்றைப் பார்த்துக் கேட்டார்.
மற்றவர் காற்றுக்குப் பதில் சொன்னார்.
இரண்டு சபைகளும் பாதிப் பாதி கொடுத்து வாங்கிவிட்டன.
இன்னும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

வார்கோ மட்டும் சபைக்கே போகவில்லை.
பணிமனையில் பழைய ஆட்களோடு
எட்டு வாரம் சீட்டாடினார்.
இப்போது செவ்வாயும் சனியும்
ஒன்பதாம் எண் பஸ்
ஆற்றைத் தாண்டிச் சந்தை வாசலில் நிற்கிறது.
எத்தனை ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றார் என்று
குறிப்பில் எழுதக் கூடாதாம்.

போன செவ்வாய்
எட்டில் ஒரு நாற்காலி காலி.
கைபேசியை எடுக்க ஆளில்லை.
ஓர்னெட்டா கதவைப் பார்த்தபடியே
மற்ற ஏழு பேருக்கும் ஊசி குத்தியிருக்கிறாள்.
ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தாராம் மனிதர்,
ஒன்பதாம் எண்ணை முதல்முறை ஏறிப் பார்த்தவர்,
மடியில் முட்டைக்கோஸ்.
திட்டித் தீர்த்தாளாம்.
நரம்பு தேடும்போது
கை நடுங்கியது என்று
எங்களிடம் மட்டும் சொன்னாள்.

அதை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று தெரியவில்லை.
வருகைப்பதிவில் எழுதி வைத்தேன்.

மறு வாக்கெடுப்பு மார்ச்சில்.
அடுத்த கூட்டம் வியாழன், ஆறரைக்கு.
அழுக்குத் துணி கொண்டு வாருங்கள்.