ஒன்பது பத்து

'ஈர விறகு' குழு அந்தப் பாட்டை
ஏழு மேடைகளில் வாசித்தது.
ஏழும் என்னிடம் இருக்கின்றன.
கேத்தியில் பதினோரு நிமிடம்.
அருவங்காட்டில் பத்தொன்பது; அன்று டெரிக்குக்குக் காய்ச்சல்,
கிடார் முனகுவதைக் கேட்டால்
நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.
வெலிங்டனில் ஆறே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள்.
முன்வரிசையில் யாரோ பெரிய அதிகாரி.

'பதினாலாவது வளைவு.' நாலே வரி.
அதைப் பாடிவிட்டு
வண்டியை நியூட்ரலில் போட்டு
இறக்கத்தில் விட்டுவிடுவார்கள்.
எங்கே போய் நிற்கும் என்று
அவர்களுக்கும் தெரியாது.

நான் கேட்பது இரவு ஷிப்டில்,
இலை வாட்டும் மாடியில்.
ஹெட்போன் ஒரு காதுக்கு மட்டும்.
மறு காது ஃபேனுக்கு:
அதன் சத்தம் மாறினால் ஓட வேண்டும்.
அதனால் நால்வர் குழுவில்
எனக்கு மட்டும் எப்போதும் ஐந்தாவதாக ஒருவர்.

குன்னூர் கேசட்டுக்கு வருகிறேன்.
தொண்ணூற்றொன்று, ஜூலை, தகரக்கூரை அரங்கு.
மழை அவர்களுக்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது.
முதல் பக்கம் தீரும் இடத்தில்
குரியனின் பேஸ் ஒரு படி இறங்கக்
காலைத் தூக்குகிறது.
டக்.
நாடா முடிந்துவிட்டது.

திருப்பிப் போட்டால் வேறு ஊர்.
பெள்ளிராஜின் டிரம்
இதுவரை இல்லாத நடையில் போகிறது:
மூன்று, இரண்டு, ஓர் இழுப்பு, மறுபடி இரண்டு.
டெரிக் அதன் பின்னால்
செருப்பு அறுந்தவர் மாதிரி வருகிறார்.
ஆறு வருடம் அதைப்
பேக்கிங் மேஜையில் தட்டிப் பார்த்தேன்.
எந்தக் கணக்கிலும் உட்காரவில்லை.
மேதை என்றேன்.
கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன்.

போன மாதம் பெட்ஃபோர்டில்
ரேடியோ ரிப்பேர் செய்யும் ஜெரால்டு
பூஞ்சை துடைத்த கேசட் ஒன்றைத் தந்தார்.
அதே இரவு. கடைசி வரிசையிலிருந்து.
அவர் தாமதமாக வந்ததால்
அவருடைய நாடா அந்த இடத்தில் முடியவில்லை.
என் நாற்பது வினாடி அதில் இருந்தது.
கேட்பதா வேண்டாமா என்று
இரண்டு ஷிப்ட் போயிற்று.

குரியன் காலை இறக்குகிறார்.
ஒரு குரல்: "கோத்தகிரி பஸ்ஸு! ஒம்பது பத்து!"
இன்னொன்று: "அதான் கடைசி வண்டி, எந்திரி!"
பிறகு நாற்காலிகள்.
சிமெண்டுத் தரையில் இரும்பு நாற்காலிகள்,
மூன்று, இரண்டு,
ஓர் இழுப்பு,
மறுபடி இரண்டு.
பாதி அரங்கு எழுந்து போகிறது.
குடைகள் படபடவென்று விரிகின்றன.
டெரிக் நிறுத்திவிட்டார்.
கீபோர்டு எப்போது நின்றதென்றே தெரியவில்லை.
பெள்ளிராஜ் மட்டும்
போகிறவர்களின் நாற்காலிகளை
ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி
டிரம்மில் போடுகிறார்.

சிரித்தேன். இலைத்தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சிரித்தேன்.
ஆறு வருடமாக மேஜையில் நான் தட்டியது
ஒரு கூட்டம் வெளியேறிய சத்தத்தை.
மேதை என்ற சொல்லைத் திரும்பப் பெறப் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, மைக்குக்கு மிக அருகில்:
"நீ போ. நான் வரல."
ஒரு பெண். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பாட்டு
இருபத்தாறு நிமிடம் ஓடுகிறது,
இருக்கிறவர்களுக்கு மட்டும்.
முடிவில் முப்பது ஜோடிக் கைகள் இருக்கலாம்.
எல்லாம் ஓய்ந்த பிறகும் ஒரு ஜோடி ஓயவில்லை.
அது அவள்தான் என்று வைத்துக்கொண்டேன்.
அந்த மழையில்
கோத்தகிரிக்கு எப்படிப் போனாள் என்பது
எந்தக் கேசட்டிலும் இல்லை.