ஜீ, ஹா

மிருக வைத்தியரின் கிளினிக்கில்
இரவில் தரை துடைக்கப் போன சுகிர்தா
சுவரில் ஒரு படம் பார்த்தாள்:
ஆறு நாய்கள், ஒரு சறுக்கு வண்டி,
மாவாய்ப் பறக்கும் பனி.
"ஒருக்கா நேர பாக்கோணும்" என்றாள்,
மாப் வாளியைக் காரில் ஏற்றும்போது.
பதினெட்டு வருசத்தில்
அவள் வாய்விட்டுக் கேட்ட இரண்டாவது ஆசை.
முதலாவது ஒரு தையல் மெஷின்.

அன்றிரவே கொப்பியைத் திறந்தேன்.
டான்டினோங்கிலிருந்து டின்னர் ப்ளெய்ன்
நானூறு கிலோமீட்டர், கூடக் குறைய.
மலையில் அறை விலை கேட்டுப்
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
ஓமியோவில் மலிவு;
விடிய நாலரைக்கு எழும்பச் சம்மதமென்றால்.
டயருக்குச் சங்கிலி வாடகை.
டீசல், உறையாத வகை.
சப்பாத்து நாலு சோடி. மகனுக்குப்
பத்தா பதினொன்றா என்பதை
அவன் கால் இன்னும் முடிவு செய்யவில்லை.

மலையைவிட ரோஸ்டர்தான் செங்குத்து.
பஸ் ஓட்டுகிறவனுக்கு
ஆடிக் கடைசி வெள்ளியில் லீவு எதற்கு?
"உங்கள் கோயில் விசேசமா?" என்றார் மேலாளர்.
ஓம் என்று சொல்லியிருக்கலாம்.
"நாய் ஓட்டம்" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஸ்கார்பரோவிலிருந்து மச்சான் சிரித்தான்:
"அதெல்லாம் ஒரு பனியே?
எங்கட ஃப்ரிட்ஜைத் திறந்தா அதைவிடக் கூட விழும்."
மகள் நிதுஷா சொன்னாள்:
"நாய் ஓடுறதைப் பாக்க
பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துவிட்டாக் காணும்."
சுகிர்தா யாருக்கும் பதில் சொல்லவில்லை.
புட்டு அவியும் நேரத்தில்
நூலகத்துப் புத்தகம் ஒன்றை விரித்து
வண்டிக்காரர் பாஷை படித்தாள்.
ஜீ என்றால் வலம்.
ஹா என்றால் இடம்.

புதன்கிழமை மழை. மலையிலும் மழையாம்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல
இரவெல்லாம் வானிலையைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பாதிப் பனிதான் கிடந்தது.
மீதி இடத்தில் சேறு, புல், ஒரு பிளாஸ்டிக் கரண்டி.
ஓட்டத்தையும் பாதியாய் வெட்டியிருந்தார்கள்.
கயிற்றுக்கு இப்பால் நின்றோம்,
பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி,
மூக்கு இருக்கிறதா என்று
அடிக்கடி தொட்டுப் பார்த்தபடி.

வண்டியில் பூட்டியதும் அந்த நாய்கள் கத்தியதை
எந்தப் பட்டியலிலும் நான் எழுதவில்லை.
குரைப்பில்லை, ஊளையில்லை;
தடுப்பூசி நாளில் குழந்தைகள் வாட்டு.
"அடிக்கிறாங்களா அம்மா?" என்று
காதைப் பொத்தினாள் நிதுஷா.
பனியில் குத்தியிருந்த கொளுக்கியைச்
சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி பிடுங்கினாள்.

சத்தம் அறுந்தது.
இருபத்து நாலு கால்.
சட்டத்தின் அடியில் துணி கிழியும் ஓசை.
ஒரு வளைவு, வெள்ளை மரங்கள்,
பிறகு ஒன்றுமில்லை.

"கட்டி வச்சதுக்குத்தான் கத்தினதுகள்"
என்றாள் சுகிர்தா.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
நான் பிளாஸ்கின் மூடியைத் திருகினேன்,
அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

கடைசியாய் வந்த வண்டியின் தலை நாய்
எங்களுக்கு நேரே நின்று,
நிதானமாய்க் காலைத் தூக்கி,
ஒரு விளம்பரப் பலகையை நனைத்தது.
ஓட்டி கெஞ்சினான், கும்பிட்டான்.
பதினான்கு வயதில் சிரிப்பதை விட்டிருந்த என் மகன்
பனியில் உட்கார்ந்து சிரித்தான்,
பதினொன்றாம் நம்பர் சப்பாத்துக் கழன்று விழ.

சங்கிலியைப் பை பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.
வாடகை வாடகைதான் என்றார் ஓமியோக் கடைக்காரர்.

இரவு ஒன்பது, டான்டினோங் சிக்னல்.
பின்சீட்டில் இரண்டும் வாய் பிளந்து நித்திரை.
ஈரக் காலுறை மணம்.
சிவப்பு விளக்கைப் பார்த்தபடி
"ஹா" என்றாள் அவள், மெல்ல.

வீடு வலப்பக்கம்.

இண்டிகேட்டரை மாற்றிப் போட்டேன்.